பாதையை விட்டு இறங்கிய கால்

ஓஹியாவுக்கு இறங்கும் பாதையில் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். முழங்கால் வரை கறுப்புச் சேறு. பின்னால் என் கூட்டாளி கத்திக்கொண்டே இருந்தான்.

"டேய் மச்சான், நம்ம வந்த வழி அது இல்லடா. பட்டிப்பொல ஸ்டேசன் இந்தப் பக்கம்."

எனக்குத் தெரியும். காலையில் பட்டிப்பொலையில் இறங்கித்தான் மூன்று பேரும் மேலே ஏறி வந்திருந்தோம். திரும்பிப் போகும் ரயிலும் அங்கேதான் வரும். அந்த ரயிலில், கொட்டகலை வரைக்கும் அவனுக்கும் அவன் தங்கைக்கும் எதிரே உட்கார்ந்து போக என்னால் முடியாது என்பதுதான் விஷயம். ஓஹியாவில் யாரையும் எனக்குத் தெரியாது. அதனாலேயே அந்தப் பக்கம் நல்லதாகப் பட்டது. கொஞ்ச நேரத்தில் அவன் குரல் கேட்கவில்லை. அவன் கூப்பிடுவதை விட்டுவிட்டானா, பனிமூட்டம் குரலை எடுத்துக்கொண்டதா என்று தெரியாது. நான் நிற்கவில்லை.

அன்று காலையிலிருந்து சொல்ல வேண்டும்.

கூட்டாளி எனக்குப் பழக்கமானது நோட்டன் பிரிட்ஜ் பக்கம் அணைக்கட்டு வேலையில். நான் தேயிலைத் தோட்டத்தைவிட்டு ஓடிவந்து பல வருஷமாகியிருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. ஆறாவது அந்தப் பள்ளிக்கூடத்தில் கிடையாது. அதற்குப் பிறகு நாவலப்பிட்டியில் ஹோட்டல் அடுப்படி, மஸ்கெலியாவில் மரம் அறுக்கும் மரக்காலை, ரோட்டுக்குத் தார் ஊற்றும் வேலை என்று எதிலும் நிலைக்காமல் திரிந்தேன். எங்கே போனாலும் ஒரு வைராக்கியம் மட்டும் வைத்திருந்தேன். மறுபடி தோட்டத்தில் பேர் பதிய மாட்டேன், எந்தத் துரைக்கும் குனிய மாட்டேன். இதைக் கேட்டவர்களிடமும் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

அணைக்கட்டில் ஒருநாள் வெள்ளைக்கார எஞ்சினியர் வந்து ஏதோ கேட்டார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் உட்கார்ந்தபடியே பதில் சொன்னேன். இது கூட்டாளிக்குப் பெரிய விஷயமாகிவிட்டது. "வெள்ளக்காரன் நிக்கிறான், இவன் உக்காந்துகிட்டுப் பேசுறான்" என்று லயம் லயமாகச் சொல்லித் திரிந்தான். உண்மையில் அன்று காலில் கல் விழுந்து கட்டைவிரல் நசுங்கியிருந்தது. எழுந்து நிற்க முடியவில்லை. முதலில் ஒன்றிரண்டு பேரிடம் அதையும் சொன்னேன். அவர்கள் எஞ்சினியர் கதையைத்தான் கேட்க விரும்பினார்கள். கொஞ்ச காலத்தில் கல் விழுந்தது எனக்கே மறந்துபோய்விட்டது. நான் உட்கார்ந்துதான் பேசினேன் என்பது மட்டும் மனதில் நின்றது.

பிறகு கூட்டாளி கொட்டகலைக் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் முதலாளியின் லொறியில் கிளீனராகப் போய்ச் சேர்ந்தான். அவன் தங்கை பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டு வந்த இரண்டு இடத்தை அவள் வேண்டாமென்று சொல்லியிருந்தாள். ஏன் என்று ஒருநாள் கடையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது அவன் சொன்னான்.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவோடு தோட்டத்து ரோட்டில் போயிருக்கிறாள். எதிரே சின்னத்துரையின் மோட்டார் சைக்கிள் வந்திருக்கிறது. துரை வந்தால் ரோட்டை விட்டுக் கானுக்குள் இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சலாம் போட வேண்டும். அது எங்களுக்கெல்லாம் நடை பழகும்போதே சேர்ந்து வந்த பழக்கம். மழைத்தண்ணீர் ஓட வெட்டிய அந்தக் கான் நாங்கள் துரைக்கு ஒதுங்கவே வெட்டியது என்று சின்ன வயதில் நான் நினைத்திருந்தேன். அப்பா இறங்கிவிட்டார். பிள்ளை மோட்டார் சைக்கிளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றிருக்கிறது. அப்பா கையைப் பிடித்து ஒரே இழுப்பு. கான் ஓரத்துக் கல்லில் நாடி அடிபட்டுக் கிழிந்துபோனது. துரை திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அப்பா வீட்டில் வந்து, புள்ள தடுக்கி விழுந்துருச்சு என்று சொன்னாராம்.

"இப்ப மாப்புள பாக்கப் போனா ஒண்ணுதான் சொல்லுது," என்றான் கூட்டாளி. "பணம் வேணாம், நெறம் வேணாம், குடிச்சாக்கூட பாத்துக்கலாம். கானுக்குள்ள எறங்காத ஆளு வேணும். என்னையும் எறங்குன்னு இழுக்காத ஆளு வேணும். அப்படி ஒருத்தன எங்கடா புடிக்கிறது? எனக்கு ஒன்னயத்தான் ஞாபகம் வந்துச்சு."

எனக்குச் சந்தோஷத்தில் தேத்தண்ணீர் இறங்கவில்லை. இந்த வேலைக்கு இவ்வளவு பொருத்தமான ஆள் மலைநாட்டில் வேறு யாரும் இல்லை என்று நினைத்தேன்.

ஒரே கூரைக்குக் கீழே வீடுகள் வரிசையாக ஒட்டிய லயத்தில் வைத்துப் பெண் பார்த்தால் இருபது காம்பராவும் எட்டிப் பார்க்கும். அதனால் கூட்டாளி இந்தப் பயணத்தை யோசித்தான். பட்டிப்பொலைக்கு மேலே ஹோட்டன் சமவெளியில், காட்டுக்கு நடுவே, துரைமார் மீன் பிடிக்கத் தங்கும் பங்களா ஒன்று இருந்தது. அவனுடைய முதலாளி எப்போதோ அங்கே அரிசி, கோதுமை மா எல்லாம் அனுப்பியிருக்கிறார். அவர் சொன்னதை இவன் தங்கையிடம் சொல்லியிருக்கிறான்: மேலே ஒரு பூமி இருக்கிறது, குளம் இருக்கிறது, ஆறு இருக்கிறது, மரை மான் கூட்டமாக மேய்கிறது, தேயிலை மட்டும் ஒரு செடிகூடக் கிடையாது.

"தேயில இல்லாத மலையா," என்று அவள் கேட்டாளாம். "அப்ப அங்க மனுசரு என்ன செய்வாங்க?"

அதைப் பார்க்க அவளுக்கு ஆசை வந்துவிட்டது. எங்கள் ஊரில் மலை என்றால் வேலை என்று அர்த்தம். இன்றைக்கு எந்த மலை என்று கேட்டால் எந்த இடத்தில் கொழுந்து எடுக்கிறீர்கள் என்று கேட்பதாகும். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் புதுச்சேலை கட்டிக்கொண்டு அவள் கிளம்பியபோது பக்கத்துக் காம்பராக் கிழவி, எங்கே என்று கேட்டிருக்கிறாள். மலை பார்க்க என்று இவள் சொல்லியிருக்கிறாள். கிழவி நெஞ்சில் கைவைத்து, "ஞாயித்துக்கெழமையும் வேலைக்குப் பேரு போடுறானுங்களா" என்றாளாம். ரயிலில் இதைச் சொல்லிச் சொல்லி அண்ணனும் தங்கையும் சிரித்தார்கள். சிரிக்கும்போது அவள் நாடியிலிருந்த தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

நான் கோட்டுப் போட்டிருந்தேன். சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு. ஊருக்குத் திரும்பும் துரைமார் விற்றுவிட்டுப் போன பழைய துணிகளை ஹட்டனில் ஒரு முஸ்லிம் நானா கடையில் தொங்கவிட்டிருப்பார்கள். அங்கே எடுத்தது. தோளில் கொஞ்சம் பெரிது. கூட்டாளி என்னைப் பார்த்ததும், "அடேங்கப்பா, சின்னத்தொர வந்துட்டாரு" என்றான். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பட்டிப்பொலையிலிருந்து ஏற்றம். முதலில் காடு. தோட்டத்தில் மரம் என்றால் வரிசையாக நிற்கும், கிளை வெட்டியிருக்கும். அங்கே ஒவ்வொரு மரமும் தன் இஷ்டத்துக்கு வளைந்து கிடந்தது. உடம்பெல்லாம் பாசி தாடி மாதிரித் தொங்கியது. தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று தெரியாது, ஓடுகிற சத்தம் மட்டும் கூடவே வந்தது. ஏற ஏற மரங்கள் குட்டையாகின. பிறகு திடீரென்று காடு முடிந்து ஒரு வெளி. மஞ்சள் புல், வரிசை இல்லாமல், வேலி இல்லாமல், கண் போகும் தூரத்துக்கு. நடுவே வானத்தை வாங்கி வைத்த மாதிரி ஒரு சின்னக் குளம். சுற்றி மலைகள்; எந்த மலையிலும் ஒரு பாத்திகூட இல்லை.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "எங்கள வேல வாங்குற கண்டாக்கு இதப் பாத்தா அழுதுருவாரு," என்றாள். "இம்புட்டு எடம் சும்மா கெடக்கேன்னு."

பாதை ஓரத்தில் சிவப்புப் பூப்பூத்த மரங்கள் நின்றன. அதற்குக் கீழே ஏதோ செடி. பேசிக்கொண்டே போனவள் அதன் நுனியைக் கிள்ளிவிட்டாள். இரண்டு இலையும் ஒரு குருத்துமாக. கிள்ளிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கையைப் பார்த்தாள்.

"பாத்தியா," என்றான் அண்ணன், "வெரலுக்கு லீவு குடுக்க மறந்துட்டா."

"கூடையில போடவா, உங்க மடியில போடவா?" என்றாள் அவள். மூன்று பேரும் சிரித்தோம். அந்தக் கொழுந்தை அவள் எறியாமல் கொஞ்ச தூரம் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

கூட்டாளி வேண்டுமென்றே பின்தங்கினான். செருப்பில் முள் ஏறியிருக்கிறது என்று சொன்னான். நாங்கள் இரண்டு பேரும் முன்னால் நடந்தோம். என்ன பேசுவதென்று தெரியாமல் நான் நாவலப்பிட்டி ஹோட்டலைப் பற்றி ஏதோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு வந்துவிட்டு, "ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றாள்.

"கேளுங்க."

"நாம ரெண்டு பேரும் ரோட்டுல போறோம். எதுக்க தொர வாராரு. என்ன செய்வீங்க?"

"நடப்பேன்."

"அவரு நின்னு பாத்தா?"

"பாக்கட்டும். ரோடு அவரு கொண்டு வந்ததா?"

அவள் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். "எங்கண்ணனும் இப்படித்தான் பேசும்," என்றாள். "கணக்கப்புள்ள வந்தா சைக்கிள விட்டு எறங்கி, சைக்கிளையும் சேத்துக் கானுக்குள்ள எறக்கிக்கும்."

"ஏய், எனக்குக் கேக்குது," என்றான் பின்னாலிருந்து அண்ணன்.

"கேக்கணும்னுதான் சொன்னேன்." பிறகு என்னிடம், குரலைத் தணித்து, "நெசமா நடப்பீங்களா?"

"நெசமா."

நான் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் யாராவது கற்பூரம் கொளுத்திக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவள் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு நடையில் கொஞ்சம் நெருங்கி வந்தாள். கையிலிருந்த கொழுந்தை அப்போதுதான் கீழே போட்டாள். எனக்குக் கல்யாணமே முடிந்துவிட்ட மாதிரி இருந்தது. எந்த ஊரில் வீடு எடுப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

சமவெளியின் கோடியில் மலை ஒரேயடியாக அறுந்து விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. உலக முடிவு என்று சொல்வார்கள். அதைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தோம். பங்களாவைத் தாண்டியதும் பனி வந்தது. வந்தது என்றால், யாரோ பாயைச் சுருட்டிக்கொண்டு போவது போல முன்னாலிருந்த வெளியைச் சுருட்டிக்கொண்டு வந்தது. பத்தடிக்கு அப்பால் எதுவும் இல்லை. பாதை குறுகலாக, இரண்டு பக்கமும் சதுப்பாக இருந்தது. நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டு நடந்தோம்.

முன்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. கல்லில் பூட்ஸ் உரசும் சத்தம். பிறகு பனிக்குள் ஒரு தொப்பி. பெரிய விளிம்பு வைத்த, கவிழ்த்த சட்டி மாதிரியான துரைத் தொப்பி. அதற்குக் கீழே அரைக் காற்சட்டை. கையில் பிரம்பு.

அடுத்து நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியவில்லை. என் உடம்பு செய்தது. கால் தானாகப் பாதையை விட்டு இறங்கியது. சதுப்பில் முழங்கால் வரை போனது. தலையிலிருந்த கம்பளித் தொப்பி எப்படியோ கக்கத்துக்கு வந்துவிட்டது. இவ்வளவும் போதாது என்று என் வலது கை நீண்டு, பக்கத்தில் வந்தவளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது.

"எறங்கு புள்ள," என்றேன். அதட்டுகிற மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு. அந்தக் குரலில் நான் அதுவரை பேசியதில்லை. ஆனால் கேட்டிருக்கிறேன்.

அவள் கையை உதறிக்கொண்டாள். பாதை நடுவிலேயே நின்றாள்.

"சலாமுங்க தொர," என்றேன் நான், குனிந்தபடி.

பதிலுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, "சலாமுங்க தொர," என்று ஒரு குரல் வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். தொப்பி பாதையில் இல்லை. பாதைக்கு அந்தப் பக்கம், சதுப்புக்குள், என்னைப் போலவே முழங்கால் வரை இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் குனிந்து நின்றார். நரைத்த தலை. கறுத்த முகம். காதில் பழைய கடுக்கன் துளை. எங்கள் ஆள். எந்த லயத்திலும் பார்க்கக்கூடிய ஆள்.

அவர் என் கோட்டைப் பார்த்திருக்கிறார். நான் அவர் தொப்பியைப் பார்த்திருக்கிறேன். பாதையின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் சேற்றில் நின்று ஒருவருக்கொருவர் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தோம். நடுவில் காலியான பாதை. அதில் அவள் மட்டும், மணிக்கட்டைத் தடவிக்கொண்டு.

முதலில் சிரித்தது அந்த மனிதர்தான். "அட கடவுளே," என்றார். "நானு மீன் புடிக்கிற தொரைன்னுல்ல நெனச்சேன். கோட்டுத் தெரிஞ்சுச்சு. தம்பி, நீங்க எந்தத் தோட்டம்?"

நான் கக்கத்திலிருந்த தொப்பியை மறுபடி தலையில் வைத்தேன்.

அவர் உடப்புசல்லாவைப் பக்கத்து ஆள். பங்களாவில் விறகு, தண்ணீர் பார்க்கிறவர். தொப்பியும் காற்சட்டையும் பூட்ஸும் ஒரு துரை கப்பலேறுவதற்கு முன் கொடுத்துவிட்டுப் போனது. "குளிருக்குப் போடுறது. இந்தத் தொப்பியால இதோட எத்தன பேரு எனக்குச் சலாம் போட்டுட்டாங்க தெரியுமா? ஆனா நானும் திருப்பிப் போட்டது இன்னைக்குத்தான்," என்றார். பிறகு பாதையில் நின்றவளைப் பார்த்து, "தங்கச்சிக்கு மட்டும் கண்ணு நல்லாத் தெரிஞ்சிருக்கு," என்றார்.

"எனக்கும் தொப்பிதான்ணே தெரிஞ்சுச்சு," என்றாள் அவள்.

அதற்குள் கூட்டாளி வந்துவிட்டான். அவன் கால் ஒன்றிலும் என்னைப் போலவே சேறு ஏறியிருந்தது. நடந்ததைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எஞ்சினியருக்கு எந்திரிக்காதவன், வெறகு வெட்டுறவருக்கு சலாம் போட்டுட்டான்டா." அவர் கை கொடுத்து என்னை மேலே தூக்கிவிட்டார். பங்களாவுக்கு வாங்க, பிளேன்டீ ஊத்தித் தாறேன் என்றார். நல்ல மனிதர். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவருக்கு அதில் வெட்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. துரை வந்தால் இறங்குவார், துரை இல்லையென்றால் ஏறிக்கொள்வார். நான்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன்.

நாங்கள் உலக முடிவு வரை போனோம். போகாமல் திரும்பிவிடலாம் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கூட்டாளி வழி முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தவன், நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் மெல்ல நிறுத்தினான். தங்கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். "கையில என்ன?" என்று கேட்டான். அவள் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான் காலிலிருந்த சேற்றைப் பார்த்தேன். அவனுக்கு விளங்கிவிட்டது.

விளிம்பில் நின்றபோது முதலில் வெறும் வெள்ளைதான். பிறகு கீழிருந்து காற்று அடித்து ஒரு கிழிசல் விழுந்தது. தலை சுற்றுகிற ஆழத்தில் பச்சை. தூரத்தில் தாழ்நாட்டுக் குளங்கள் தகரத் துண்டுகள் மாதிரி மின்னின. நேர் கீழே பார்த்தால், வரிசை வரிசையாகப் பாத்தி, நடுவில் வெள்ளைக் கோடாக ரோடு, நெருப்புப்பெட்டி அடுக்கிய மாதிரி லயங்கள்.

"ஒலகம் முடிஞ்ச பெறகும் லயம்தான் இருக்குது," என்றாள் அவள். அதைக் கசப்பாகச் சொல்லவில்லை. கண்டுபிடித்த மாதிரிச் சொன்னாள். கொஞ்ச நேரம் அந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு உயரத்திலிருந்து கான் தெரியாது.

கிழிசல் மூடிக்கொண்டது. அவள் என் பக்கம் திரும்பினாள். அண்ணன் கேட்கட்டும் என்றுதான் அவன் முன்னால் வைத்தே சொன்னாள்.

"நீங்க எறங்குனத நான் ஒண்ணும் சொல்லல. அண்ணனுந்தான் எறங்கியிருக்கு, கால்ல சேறு இருக்கு. என்னைய இழுத்தீங்களே. எங்கப்பா கையி மாதிரியே இருந்துச்சுங்க. அதே எடத்துல புடிச்சு."

"எனக்கே தெரியாது," என்றேன். "கையி தானா வந்துருச்சு."

"அதத்தான் நானும் சொல்றேன்."

கூட்டாளி, "பனியில யாருக்குத் தெரியும், விடு புள்ள," என்றான்.

"எங்கப்பா கெட்டவரு இல்ல," என்றாள் அவள். அண்ணனுக்குப் பதில் சொல்லவில்லை, என்னிடமே பேசினாள். "ரொம்பப் பயந்தவரு. என்னைய அடிபடாமப் பாத்துக்கணும்னுதான் இழுத்தாரு. அவரோட ஒருக்கா இருந்தாச்சு. இன்னொருக்கா வேணாமுங்க."

அவள் கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். ஏசியிருந்தால் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். எனக்கு வாய் உண்டு. அவள் முகத்தில் கோபம் இல்லை. என்னைப் பார்த்துப் பாவப்பட்டாளா, தனக்காகப் பாவப்பட்டாளா தெரியவில்லை. அவள் நினைத்து வந்த ஆளை அந்தப் பனிக்குள் எங்கேயோ விட்டுவிட்டு வந்ததுபோல இருந்தது அவள் முகம். நானும் அந்த ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது அவள் அண்ணனோடு முன்னால் நடந்தாள். நான் பின்னால். பங்களாவுக்குப் பக்கத்தில் தொப்பிக்காரர் கையைத் தட்டிக் கூப்பிட்டார். தேத்தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். அவர்கள் இரண்டு பேரும் போய் வாங்கிக் குடித்தார்கள். அவள் அவரிடம் ஏதோ கேட்க, அவர் கையை நீட்டி மரை வருகிற இடத்தைக் காட்டினார். அவள் சிரித்தது எனக்குக் கேட்டது. நான் ரோட்டிலேயே நின்றேன். அங்கேதான் பாதை பிரிகிறது. ஒன்று பட்டிப்பொலைக்கு, ஒன்று ஓஹியாவுக்கு.

யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நடக்க ஆரம்பித்துவிட்டேன். கூட்டாளி கூப்பிட்டதும் நான் நிற்காததும் அப்போதுதான்.

அந்த இறக்கத்தில் நடந்ததைப் பற்றி நிறைய இல்லை. காடு, மறுபடி காடு. ஒரு வளைவில் மரை ஒன்று பாதையில் நின்று என்னைப் பார்த்தது. காலையில் அதைப் பார்க்கத்தானே ஆசைப்பட்டு ஏறினோம். இப்போது அது ஒதுங்கட்டும் என்று நின்றேன். ஒதுங்கவில்லை. நான் சுற்றிக்கொண்டு போனேன். எதிரே மனிதர்கள் யாரும் வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தேன். முன்கூட்டியே நினைத்துக்கொண்டு போனால் கால் இறங்காது. நினைக்காத நேரத்தில்தான் அது இறங்குகிறது. கையும் அப்படித்தான். நான் தோட்டத்தை விட்டு ஓடிய அன்றைக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டதாக நினைத்திருந்தேன். என் அப்பா என் கையைப் பிடித்து எத்தனையோ தடவை இழுத்திருக்கிறார். அந்தப் பிடியை மட்டும் கூடவே கொண்டு வந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

ஓஹியா ஸ்டேஷனுக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு நானாவின் சில்லறைக் கடை. வாழைப்பழமும் தேத்தண்ணீரும் கொடுத்தார். என் காலிலிருந்த சேற்றைப் பார்த்து, "மேலயிருந்து வாறீங்களா? அங்க கொளம், மலையெல்லாம் நல்லா இருக்குமாமே," என்றார். நல்லாத்தான் இருக்கு என்றேன். படுக்க இடம் கேட்டேன். மாச்சாக்குகளுக்குப் பக்கத்தில் இடம் விட்டார்.

காலையில் கடை திறக்கும்போதே ரயில்வே ஆள் ஒருவர் வந்து நானாவிடம் விசாரித்தார். தண்டவாளம் பார்க்கிற இன்ஸ்பெக்டரின் ட்ரொலியைத் தள்ளுகிற இரண்டு பேரில் ஒருவனுக்குக் காய்ச்சல். பட்டிப்பொலை வரை ஏற்றம், ஒருவனால் தள்ள முடியாது. நானா என்னைக் கைகாட்டினார். என்ன வேலை என்று கேட்டேன். நான்கு சக்கரம் வைத்த பலகை. அதன் மேல் ஒரு பெஞ்சு. இன்ஸ்பெக்டர் முன்னே பார்த்து உட்கார்ந்திருப்பார். தள்ளுகிறவர்கள் பின்னால், தண்டவாளத்தின் மேலேயே வெறுங்காலோடு ஓட வேண்டும். அவர் நம்மைப் பார்க்க மாட்டார். நமக்கும் அவர் முதுகுதான் தெரியும்.

சரி என்று சொன்னேன். மற்ற ஆள், வருஷக்கணக்காகத் தள்ளுகிறவர், எங்கே கால் வைப்பது, எங்கே மூச்சுப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்தார். "அய்யா வந்ததும் சலாம் போட்டுட்டுக் கம்பியப் புடி," என்றார்.

ஸ்டேஷன் அறையிலிருந்து இன்ஸ்பெக்டர் வரும் சத்தம் கேட்டது. அவர் வெளியே வருவதற்கு முன்பே நான் பின்னால் போய்த் தள்ளுகிற கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.